நூற்றிருபது பார்

மண்டப வாசலில் நேற்றைய கல்யாணத்து
வாழைமரங்கள் இன்னும் நிற்கின்றன.
ஒன்றில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்
கறுப்புக் கொடிகளை.
தடுப்புக் கம்பிக்கு அப்பால் நூறு பேர் இருக்கும்.
பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்,
மீதிப் பேரைப் படகு சொல்லி.

"உள்ள போறியா கணக்கு?" என்றான் தனவேல்.
அக்கரைப்பேட்டை ஐஸ் கம்பெனியில்
பதினாறு வருடமாக என் பெயர் அதுதான்.
"கேட்டுட்டு வர்றேன்."
"கேளு, கேளு" என்றான்
நாலு மாதம் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்தவன்.
அவன் விசைப்படகு இப்போதும் காரைநகரில்
மழைத்தண்ணீர் குடித்துக் கிடக்கிறது.

உள்ளே
தெர்மாகோல் எழுத்துகளில் மணமக்கள் பெயரைப் பிய்த்திருந்தார்கள்.
நடுவிலிருந்த இதயம் மட்டும் கைக்கு எட்டவில்லை போலும்.
அதன் கீழே ஐந்து நாற்காலி:
ஒரு பேராசிரியர், ஒரு வக்கீல்,
மீன்வளத்துறையில் ஓய்வு பெற்ற ஒருவர்,
எங்கள் சங்கத் தலைவர் வராமல் காலியாக ஒன்று,
கடைசியில், மடியில் துணிப்பையோடு,
குருநகரிலிருந்து வந்த றெஜினா.

பேராசிரியர் தொப்புள்கொடி உறவு என்றார்.
வெளியே, வெளியேறு வெளியேறு என்றார்கள்.
மின்விசிறி இரண்டையும் சேர்த்தே சுழற்றியது.

றெஜினா எழுந்திருக்கவில்லை.
பையிலிருந்து ஒரு வலைத்துண்டை எடுத்து
மேசையில் வைத்தாள், தண்ணீர் பாட்டிலை நகர்த்திவிட்டு.
"சங்கிலி அடகு வச்சு வாங்கின வலை.
றோலர் போன பிறகு மிஞ்சினது இவ்வளவுதான்.
உங்கட வயலில மாடு இறங்கினால்
பட்டியில அடைப்பியள்தானே?
எங்கட வயல் தண்ணிக்குக் கீழ கிடக்கு."

எனக்குப் பின்னால் இருந்த கீழ்வேளூர்க்காரர்,
கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று
காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவர்,
"ம்" என்றார், தன்னை அறியாமல்.

ஒரு கல் வந்து ஜன்னல் கம்பியில் பட்டு விழுந்தது.
போலீஸ்காரர் அதைக் காலால் ஓரம் தள்ளினார்.
றெஜினா தண்ணீர் குடித்தாள்.

கேள்விகளை எழுதித் தரச் சொன்னார்கள்.
சட்டைப் பையில் இருந்தது அன்றைய ஐஸ் பில் ஒன்றுதான்.
அதன் முதுகில் எழுதினேன், அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.
மடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டு போனான் தொண்டர் பையன்.
வக்கீல் தப்பான பக்கத்தை வாசித்தார்:
"நூற்றிருபது பார். கடன்.
தனவேல், அண்ணன் படகு."
சிரிப்பு.
நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டியிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.
சீட்டை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தாள்.
"நூற்றிருபது பார் ஏத்தினால் எத்தினை நாள் கடலில நிப்பியள்?"
யாரைக் கேட்கிறாள் என்று திரும்பினார்கள்.
"அஞ்சு நாள்" என்றது என் வாய்.
"அஞ்சு நாளும் எங்க நிப்பியள்?"

அந்தப் பேரேட்டில்
டீசல் உண்டு, பார் உண்டு, பாக்கி உண்டு.
எங்கே என்று ஒரு கட்டம் கிடையாது.
பதினாறு வருடம் நானே கோடு போட்ட நோட்டு.
மைக்கை நீட்டினார்கள்.
மண்டபம் முழுக்க என் மூச்சு கேட்டது.

மறுபக்கம் எழுதியிருந்ததை யாரும் வாசிக்கவில்லை:
காரைநகர்ப் பக்கம் போனால் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா,
நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட படகு,
இன்னும் மிதக்கிறதா.

வெளியே தூறல்.
கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.
புதுத்துணிச் சாயம் தனவேலின் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.
"என்ன கேட்டா அந்தப் பொம்பள?"
"ஐஸ் கணக்கு கேட்டா."
கையை வேட்டியில் துடைத்தான். போகவில்லை.
"சொன்னியா?"
"பாதி சொன்னேன்."

டீ வாங்கித் தந்தான்.
காசு கொடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டான்.
கிளாஸில் அவன் விரல் பட்ட இடம் கறுப்பாக இருந்தது.

பில்லைத் திருப்பி வாங்க மறந்துவிட்டேன்.
வலைத்துண்டோடு சேர்ந்து
அவள் பைக்குள் போயிருக்க வேண்டும்.
முதலாளி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.
அந்த நூற்றிருபது பார்
பேரேட்டில் இன்னும் ஏறவில்லை.